மணிக்கட்டில் ஒரு கணக்கப்பிள்ளை

இரவு உணவு முடிந்து, மறுநாட் பாடத்துக்கான குறிப்புகளை ஒழுங்குசெய்து, விளக்கை அணைப்பதற்கு முன் நாம் தவறாது செய்யும் காரியம் ஒன்று உண்டு. இடது மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தின் முகத்தை விரலால் ஒருமுறை தொடுவோம். கறுத்த கண்ணாடியில் ஓர் எண் எழும். நேற்று அது 2,150. அன்று விடிந்தது முதல் எமது உடல் எரித்துத் தீர்த்த கலோரிகளின் தொகை அதுவே என்பது கடிகாரத்தின் தீர்ப்பு. அத்தீர்ப்பைப் பார்த்த பின்பே நித்திரை வருகிறது. பேராதனையில் நான்கு ஆண்டு தமிழ் கற்று, சங்கச் செய்யுட்களுக்கு உரை சொல்லிப் பிழைக்கும் ஒருவருக்கு இப்படியும் ஒரு பழக்கம் ஏற்படலாமா என்று நண்பர்கள் நகைப்பர். அந்த நகைப்பில் நியாயமுண்டு. ஆயினும் இப்பழக்கத்தின் வரலாற்றைச் சொல்லவேண்டிய கடப்பாடு எமக்கு உளது.

‘ஸ்மார்ட் வாட்ச்’ எனப்படும் இக்கைக்கடிகாரம் 2021 ஆம் ஆண்டின் இறுதியில் கனடாவிலுள்ள தம்பி அனுப்பியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் வைத்தியர் ஒருவர் எமது இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், கொஞ்சம் நடவுங்கள், கொஞ்சம் குறையச் சாப்பிடுங்கள்” என்று சொல்லியிருந்தார். கதிரையில் இருந்து கட்டுரை திருத்துவதும், மேடையில் நின்று பேசுவதுமே தொழிலாகக் கொண்டவருக்கு முப்பத்தைந்து வயதில் கிடைக்கக்கூடிய புத்திமதி அதுதான். கடிகாரத்தை முதன்முதல் கட்டியபோது அது எமது வயது, பால், உயரம், நிறை ஆகிய நான்கையும் கேட்டது. ஒளிக்காமற் சொன்னோம். அன்றுமுதல் அது எண்ணத் தொடங்கிற்று.

தொடக்கத்தில் அவ்வெண் எமக்குப் பெரும் பெருமையைத் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கலோரிகளை நாம் நடந்தே எரித்துவிட்டதாக எண்ணி, ஆசிரியர் ஓய்வறையில் பறைசாற்றினோம். விஞ்ஞான ஆசிரியரே அந்த மயக்கத்தைத் தெளிவித்தார். அத்தொகையில் 1,590 அளவானது உயிரோடிருப்பதற்காக மட்டும் உடல் செலவிடுவது: இதயம் துடிக்க, மூச்சு இழைக்க, உடற்சூடு நிலைக்க. நாள் முழுவதும் கட்டிலிற் கிடந்தாலும் அது செலவாகியே தீரும். நடந்தும் படியேறியும் நாமாகச் செலவிட்டது மிகுதி 560 மாத்திரமே. கடிகாரத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனி இடமிருந்தும் நாம் பெரிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடிகாரம் இதனை எவ்வாறு அறிகிறது? உண்மையில் அது அறிவதில்லை, ஊகிக்கிறது. அதன் அடிப்புறத்திலிருந்து ஒரு பச்சை ஒளி தோலினுள் பாய்கிறது. குருதி அந்த ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் குருதியின் அளவு கூடிக் குறைவதால், திரும்பிவரும் ஒளியும் கூடிக் குறையும். இதிலிருந்து நாடித்துடிப்பு எண்ணப்படுகிறது. கையின் அசைவை உணரும் சிறு கருவி ஒன்றும் உள்ளே இருக்கிறது. துடிப்பு, அசைவு, நாம் சொன்ன வயது, நிறை முதலியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு, வரும் விடையை அது கண்ணாடியிற் காட்டுகிறது. உடலின் வெப்பச் செலவை எந்தக் கைக்கடிகாரமும் நேரே அளப்பதில்லை. 2017 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய ஏழு கருவிகளை அறுபது பேரிடம் சோதித்தனர். நாடித்துடிப்பில் அவை பெரும்பாலும் செம்மையாகவே இருந்தன. கலோரிக் கணக்கிலோ மிகத் திறமான கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. மிக மோசமானது 93 வீதம் பிழைத்தது. இதனைப் படித்த பின்னரும் நாம் இரவில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதை விடவில்லை. எண்ணுக்கு அத்தகைய கவர்ச்சி உண்டு. பிழையான எண்ணாயினும், எண் என்றால் மனம் அடங்கிவிடுகிறது.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. உணவைப் பற்றிப் பேசும்போது, ஒரு கிலோகிராம் நீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியசு உயர்த்தத் தேவையான சக்தியையே ஒரு கலோரி என்கிறோம். ஆகவே 2,150 கலோரி என்பது ஏறத்தாழ 21 லீற்றர் நீரைப் பனிக்கட்டிக் குளிரிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றப் போதுமான வெப்பம். உணவை நெருப்பாகவும் உடலை அடுப்பாகவும் காணும் இப்பார்வை எமக்குப் புதியதன்று. பசியை வயிற்றுத்தீ என்று சொன்னது தமிழ். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியை மணிமேகலைக் காப்பியம் யானைத்தீ என்று பெயரிட்டு, காயசண்டிகை என்னும் பெண்ணின் உடலில் வைத்துக் காட்டியது. ஆனால் தமிழ்ப் புலவர் அத்தீயை அவிப்பது பற்றியே பேசினர். அளப்பது பற்றிப் பேசினாரல்லர். அளக்கும் வேலையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் மேற்கொண்டது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், வில்பர் அட்வாட்டர் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1890 களில் மனிதன் குடியிருக்கத்தக்க அறை ஒன்றைப் பௌதிகவியலாளர் ஒருவரின் துணையோடு அமைத்தார். உலோகச் சுவர்களைக் கொண்ட அச்சிற்றறையினுள் ஒருவர் நாட்கணக்கில் இருப்பார், உண்பார், உறங்குவார், சில வேளைகளில் நிலையான துவிச்சக்கரவண்டியை மிதிப்பார். அவரது உடலிலிருந்து வெளியேறும் வெப்பம் அனைத்தும் அளக்கப்பட்டது. மாச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்பில் ஒன்பது கலோரி என்று இன்று பிஸ்கற் பெட்டியின் முதுகில் நாம் காணும் கணக்குக்கு அவரது ஆய்வே அடிப்படை. இது மாபெரும் அறிவுப்பணி என்பதில் ஐயமில்லை. எனினும் அட்வாட்டரைத் தூண்டிய கேள்விகளுள் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. கூலித் தொழிலாளி தன் சிறு வருமானத்தில் ஆகக்குறைந்த செலவில் ஆகக்கூடிய சக்தியை எவ்வாறு வாங்கலாம் என்பதே அது. அவர் கெட்ட நோக்கோடு கேட்டார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இக்கேள்வி பிறந்தவுடன் அதன் நிழலாக இன்னொரு கேள்வியும் பிறந்துவிடுகிறது: மலிவான உணவால் உடல் ஓடுமாயின் கூலியை ஏன் கூட்ட வேண்டும்?

இவை யாவும் எமக்கு வெறும் நூலறிவாகவே இருந்திருக்கும், 2022 ஆம் ஆண்டு அந்த ஒரு காலைப்பொழுது வந்திராவிட்டால்.

அவ்வாண்டில் நாடு பட்ட பாட்டை வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி, செப்டெம்பர் மாதத்தில் உணவின் விலை அதற்கு முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் 94.9 வீதம் கூடியிருந்தது. ஆசிரியராகிய எமக்கே சம்பளம் மாதத்தின் இருபதாம் நாளைத் தாண்டவில்லை. நாம் கற்பிக்கும் மலைநாட்டுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களின் லயக் காம்பிராக்களிலிருந்து வருபவர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடும் போராட்டத்தின் பின் 2021 ஆம் ஆண்டிலேதான் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த வெற்றியின் சுவை நாவில் இருக்கும்போதே, அடுத்த ஆண்டின் விலைகள் அதன் பெறுமதியை ஏறக்குறையப் பாதியாக்கிவிட்டன. ரொட்டியே பிரதான உணவாகிய வீடுகளில் கோதுமை மாவின் விலை என்ன செய்திருக்கும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

ஒரு திங்கட்கிழமை. காலைக் கூட்டத்தில் தேவாரம் முடிந்து அதிபர் பேசிக்கொண்டிருந்தார். பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு சலசலப்பு. மாணவி ஒருத்தி நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்துவிட்டாள். தூக்கிக்கொண்டுபோய் ஓய்வறை வாங்கில் கிடத்தினோம். முகத்தில் நீர் தெளித்ததும் கண் விழித்தாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டோம்.

“தேத்தண்ணி குடிச்சேன் சேர்” என்றாள்.

“அதற்கு முன்?”

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “நேத்து மத்தியானம் ரொட்டி” என்றாள்.

சீனி கரைத்த நீரை ஓர் ஆசிரியை கொண்டுவந்து பருக்கினார். ‘காலையுணவைத் தவிர்க்கக் கூடாது பிள்ளை’ என்ற வார்த்தை எமது வாய்வரை வந்துவிட்டது. அப்பொழுதுதான் எமது மணிக்கட்டு மெல்ல அதிர்ந்தது. அன்றைய இலக்கை நோக்கி நாம் நன்கு முன்னேறுவதாக ஒரு பாராட்டு. அந்தக் காலையில் நாமும் உண்டிருக்கவில்லை. வீட்டில் உணவு இல்லாமையாலன்று. முதல்நாள் ஒரு திருமண வீட்டில் உண்ட கணக்கை நேர்செய்ய வேண்டுமென்று வேண்டுமென்றே காலையுணவைத் தவிர்த்திருந்தோம். ஒரே காலையில், ஒரே மேற்கூரையின் கீழ், இரண்டு வெறும் வயிறுகள். ஒன்றைக் கடிகாரம் பாராட்டியது. மற்றது மண்ணில் விழுந்தது. அந்த வார்த்தையை நாம் விழுங்கிக்கொண்டோம். சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மறைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அவ்வாரச் சனிக்கிழமை மாலை அவளது வீட்டுக்குப் போனோம். தாய் அப்பொழுதுதான் கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தார். தலையில் கூடைக்கயிறு அழுந்திய தடம் மறையவில்லை. எம்மைக் கண்டதும் பதறி, வாங்கொன்றைத் துடைத்துப் போட்டார். பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் மணிக்கட்டில் ஒளி எழுந்தது. அது என்ன என்று கேட்டார். உடம்பு ஒரு நாளில் எவ்வளவு உழைத்துச் செலவழிக்கிறது என்பதை இது கணக்கிடும் என்று விளக்கினோம். கழற்றி அவரது கையிலும் கட்டிக் காட்டினோம். அந்த மெலிந்த மணிக்கட்டில் வார் கடைசித் துளைவரை போயும் நெகிழ்ந்தே கிடந்தது. கண்ணாடியில் எழுந்ததோ எமது எண். இனி அவர் அசைந்தாலும் அது எமது நிறையையும் எமது வயதையும் எமது ஆண் உடலையும் வைத்தே கணக்கிடும். அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நாம் தயங்கி நிற்க, அவர் அவ்வெண்ணை உற்றுப் பார்த்தபடி கேட்டார்:

“இதுல எவ்வளவு வந்தாப் பேரு போடுவாங்க சேர்?”

தோட்டத்து வழக்கை அறியாதவருக்காக ஒரு குறிப்பு. ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிவதே பேர் போடுதல். அத்தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். மழைநாளில் இலையின் ஈரத்துக்கென்று நிறுவையிற் கழிப்பதும் உண்டு. எண் என்று ஒன்று இருந்தால் அது யாரோ ஒருவர் தம்மை அளப்பதற்காகவே இருக்கும் என்பது அத்தாய்க்கு ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. எண்ணை ஒருவர் தம் இன்பத்துக்காகவும் வைத்திருக்கக்கூடும் என்பதே அவருக்கு விளங்கவில்லை. பேர் போடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொன்னோம். அவர் கடிகாரத்தைக் கழற்றித் தந்துவிட்டுச் சிரித்தார்.

“அப்ப இத எங்க கணக்கப்பிள்ளை கண்ணுல காட்டிறாதீங்க. கிலோ பாக்குறது பத்தாதுன்னு இதையும் கேப்பாரு.”

நாமும் சிரித்தோம். மலையிறங்கி வரும் வழியில் அச்சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் வேடிக்கையாகச் சொன்னது வரலாற்றில் நடந்திருக்கிறது என்பதைப் பின்னர் நூல்களிற் கண்டோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1877 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வைசிராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாகச் சேர் ரிச்சட் டெம்பிள் அங்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலைத்தலங்களில் மண் வெட்டிய, கல்லுடைத்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் மிகச் சிறு காசும் போதும் என்று அவர் விதித்தார். ‘டெம்பிள் கூலி’ என்று அது பெயர்பெற்றது. ஓர் இறாத்தல் தானியம் இன்றைய கணிப்பில் ஏறத்தாழ 1,600 கலோரி. வாசக நண்பர்கள் எமது கடிகாரத்தின் எண்ணைச் சற்று நினைவுகூர்க. கட்டிலிற் கிடந்தால் மட்டும் எமது உடல் எரிப்பது 1,590. அக்காலத்து மக்களின் உடல் சிறியது என்று ஒருவர் வாதிக்கலாம். ஆயின் அச்சிறிய உடல் கட்டிலிற் கிடக்கவில்லை. பகல் முழுதும் வெயிலில் மண் சுமந்தது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் வில்லியம் கோர்னிஷ் இவ்வளவு உணவில் உழைப்பவர் உயிர்வாழ இயலாது என்று வாதாடினார். அவ்வாண்டின் நடுப்பகுதியிலேதான் அளவு மீண்டும் உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். அப்பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்து, இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடி மலையேறியவர் பலர். எமது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுட் சிலரின் முன்னோர் அவ்வழியில் நடந்தவராகவும் இருக்கலாம்.

அது அந்நியர் ஆட்சி என்று நாம் ஆறுதல் கொள்ளவும் இயலாது. சுதந்திரம் பெற்ற ஐந்தாண்டில், 1953 இல், பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது எமது நாட்டு அரசாங்கமே. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் அதே வேளையில் அது நிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் உழைக்கும் மக்கள் கடையடைத்து, வேலை நிறுத்தி, ஹர்த்தால் செய்தனர். மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வரவுசெலவுத் திட்டத்தில் அரிசியும் பிள்ளையின் மதிய உணவும் வெறும் எண்கள். வீட்டில் அவை எண்களல்ல என்பதை அந்நாள் காட்டியது.

பிற்காலத்தில் எண் இன்னும் நாகரிகம் பெற்றது. 2002 ஆம் ஆண்டின் வீட்டுச் செலவுக் கணிப்பீட்டை ஆதாரமாகக் கொண்டு எமது நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு வரையப்பட்டபோது, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கலோரி என்னும் அளவே அதன் அத்திவாரமாயிற்று. அந்த உணவின் விலையோடு ஏனைய அத்தியாவசியச் செலவையும் கூட்டி, 2002 இன் விலையில் மாதத்துக்கு 1,423 ரூபா என்று கோடு இழுத்தனர். கோடு வேண்டாம் என்பது எமது கட்சியன்று. அளவையில்லாமல் வறுமையை எடுத்துக்காட்ட முடியாது. உணவின் சக்தியை அளக்கத் தெரிந்திராவிட்டால், டெம்பிள் விதித்த கூலியின் கொடுமையை நாமும் இன்று இவ்வாறு எடுத்துரைத்திருக்க இயலாது. ஆதலால் விஞ்ஞானத்தின்மீது குறையில்லை. அளவுகோலைப் பிடித்திருக்கும் கை யாருடையது, அளக்கப்படும் உடல் யாருடையது என்பதே வினா.

இந்த வினாவை எமது கடிகாரத்தின்மீது வைத்துப் பார்த்தோம். அது செலவையே தானாக எண்ணுகிறது, வரவை எண்ணுவதில்லை. உண்டதை நாமே எழுதி உள்ளிட்டாலன்றி அதற்கு உணவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. வரவு தாராளமாக இருக்கும், செலவே போதாது என்று எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட கருவி அது. மேசையில் உணவு எப்பொழுதும் காத்திருக்கும் வர்க்கத்துக்காக வடிக்கப்பட்டது. அந்த வர்க்கத்துள் நாமும் ஒரு காலை வைத்திருக்கிறோம் என்பதையே 2022 இன் அந்தத் திங்கட்கிழமை எமக்குக் காட்டியது. வறுமையைப் பற்றி மேடையிற் பேசுவது வேறு. தம் பசியைத் தாமே தெரிந்துகொள்ளும் வசதி படைத்தவர் என்று தம்மை அறிவது வேறு.

பின்னர் நாம் செய்தது சிறு காரியம். ஆசிரியர் எழுவர் சேர்ந்து வாரத்தில் மூன்று நாள் காலையில் கடலை அவித்துக் கொடுத்தோம். மூன்று மாதம் நடந்தது; எமது சம்பளமே தள்ளாடியபோது நின்றுபோயிற்று. தனிமனிதர் கருணை எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு அதுவே அளவு. அரசின் பாடசாலை உணவுத் திட்டம் முதன்மையாக ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளையே நோக்கியது. பத்தாம் வகுப்பில் விழுந்தவளுக்கு அதில் இடமில்லை. பதினோராம் வயதோடு பசி நின்றுவிடுமென்று எந்த விஞ்ஞானம் சொல்லிற்றோ அறியோம்.

ஆனால் ஒரு பழக்கம் நிற்கவில்லை. அன்றுமுதல் நாம் வகுப்பேற்கும் ஒவ்வொரு காலையும் வருகைப் பதிவோடு இன்னொரு பதிவையும் எழுதுகிறோம். பிள்ளைகள் வெட்கப்படாதிருக்கும் பொருட்டு, பெயர் இல்லாத சிறு தாள்களில் ‘உண்டேன்’, ‘இல்லை’ என்று ஒரு சொல் எழுதித் தரச் சொல்லி, எண்ணிக்கையை மட்டும் கொப்பியிற் குறித்துக்கொள்கிறோம். அக்கொப்பியின் பிரதியை ஒவ்வொரு தவணை முடிவிலும் அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். ஆசிரியர் சங்கத்தின் கிளைக் கூட்டத்திலும் வாசிக்கிறோம். இதுவரை பதில் வந்ததில்லை. எண்ணிக்கை மட்டும் ஒழுங்காக வளர்கிறது. இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்பில் இதனைத் தொடங்குவார்களாயின், ஒரு பாடசாலையின் முறைப்பாடாக இருப்பது ஒரு நாட்டின் கணக்காக மாறும். கீழிருந்து எழுதப்படும் கணக்கு அது. எந்தக் கணக்கப்பிள்ளையும் அதில் ஈரக் கழிவு கழிக்க முடியாது.

கடிகாரத்தை நாம் எறிந்துவிடவில்லை. வைத்தியர் சொன்னது இன்னும் உண்மையே, நடக்கவும் வேண்டும். மணிக்கட்டையும் இரவில் திருப்பிப் பார்க்கிறோம். நேற்றும் பார்த்தோம்: 2,150. அதன் பக்கத்தில், மேசைமேல், கொப்பி திறந்திருந்தது. நேற்றைய திகதிக்கு எதிரே நாம் எழுதியிருந்த எண்: முப்பத்தொருவரில் ஒன்பது பேர், ‘இல்லை’.